வளையல்கார ஹஃபீஸா பிடித்த கை

ஹஃபீஸாவிடம் வளைகாப்புக்கு வளையல் சொல்கிறவர்கள் முதலில் அவளோடு ஒரு சின்னச் சண்டை போட்டாக வேண்டும். சண்டை அளவைப் பற்றியது. "ரெண்டு ஆறு சரியா இருக்கும் பாயம்மா, வேணும்னா கையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறோம்" என்பார்கள். "நான் போட்டோவுக்கு வளையல் போடவா, கைக்குப் போடவா?" என்று கேட்பாள் ஹஃபீஸா. கேட்டதோடு விடமாட்டாள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், யாரும் கூப்பிடாமலே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். பிள்ளைத்தாய்ச்சியின் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் பிடித்துப் பார்ப்பாள். அதன் பிறகுதான் அளவு சொல்லுவாள்.

வீடு காஜிமார் தெருவில். கடை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில். கடையில் உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர் சேக் இஸ்மாயில். வியாபாரத்தில் பேச்சு அவருடையது, கை இவளுடையது. நாற்பத்தாறு வயதில் இருபத்தைந்து வருஷத்தை ஹஃபீஸா அடுத்தவர் கையைப் பிடித்தே கழித்திருக்கிறாள். பரோட்டாவுக்கு மாவு பிசைகிற கை, தறியில் நூல் முடிகிற கை, சாக்பீஸ் பிடித்துப் பிடித்து உலர்ந்துபோன டீச்சர் கை, எல்லாம் அவளுக்குத் தெரியும். முகத்தை மறந்துவிடுவாள். ஐந்து வருஷம் கழித்து வந்து கையை நீட்டினால், "நீ செல்லூர்க்காரிதானே" என்பாள்.

மாசமான கைக்கென்று தனி குணம் உண்டு என்பது அவள் கட்சி. அது சூடாக இருக்கும், புசுபுசுவென்று இருக்கும், புறங்கையில் பச்சை நரம்பு புடைத்து ஓடும், லேசில் வளையலுக்கு மசியாது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டி, அதன் மேல் வளையலை ஏற்றிவிட்டுப் பையை உருவ வேண்டும். கெஞ்ச வேண்டும், கொஞ்ச வேண்டும். "ரோசமுள்ள கைதான் நல்ல கை" என்பாள்.

இத்தனை கைகளைப் படித்தவள் ஒரே ஒரு கையைத் தப்பாகப் படித்தாள். அது அவள் மகள் ஃபாயிஸாவின் கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் ஃபாயிஸாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை நாலு நாள் அடுப்பாகக் கொதித்தது. ஐந்தாம் நாள் காலையில் ஹஃபீஸா தொட்டுப் பார்த்தபோது கை சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவளுக்கு அழுகையே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, வெந்நீர் வைத்துப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினாள். அவள் வீட்டில் என்ன, இந்த ஊரில் பாதி வீட்டில் அதைத்தான் செய்வார்கள். காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றி ரசம் சோறு போடுவது வழக்கம். பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டது. பிறகு வயிறு வலிக்கிறது என்றது. புரண்டு புரண்டு படுத்தது. கால் பாதமும் சில்லென்று ஆனபோதுதான் சேக் இஸ்மாயிலுக்கு என்னவோ உறைத்து, மகளை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருந்தவள் தீப்தி என்கிற டாக்டர். முப்பது வயது இருக்கலாம். அவள் ஃபாயிஸாவின் கட்டைவிரல் நகத்தை அமுக்கி, விட்டு, வாய்க்குள் எண்ணினாள். நகம் வெள்ளையாகவே இருந்தது. ஐந்து எண்ணிய பிறகுதான் மெல்லச் சிவந்தது. அடுத்த நிமிஷம் ஃபாயிஸாவின் கையில் ஊசி இருந்தது, ஊசியில் குளுக்கோஸ் பாட்டிலின் குழாய் இருந்தது.

"காய்ச்சல் விட்டிருச்சே டாக்டர்" என்றாள் ஹஃபீஸா.

"விட்ட பிறகுதான்மா ஆபத்து. ரத்தக் குழாய்ல இருந்து நீர் வெளிய கசியுது. உள்ள ஓடுறது குறைஞ்சு போச்சு. இதைத்தான் ஷாக்ங்கிறோம். பயந்தா வர்ற அதிர்ச்சி இல்ல, உடம்புக்குள்ள ரத்த ஓட்டம் படுத்துக்கிறது."

"கை குளுந்திருச்சுன்னு சந்தோசப்பட்டேனே."

தீப்தி அவளைத் திட்டவில்லை. பாட்டிலில் சொட்டைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "ரத்தம் குறைஞ்சா உடம்பு முதல்ல என்ன செய்யும் தெரியுமா? கைக்கும் காலுக்கும் போறதை நிறுத்தும். தோலுக்குப் போறதை நிறுத்தும். மிச்சம் இருக்கிறதை எல்லாம் இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். அதனாலதான் கை சில்லுனு இருக்கு. ஆனா ஆளு பேசுவா, எழுந்து உக்காருவா. பாக்கிறவங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்."

ஹஃபீஸா மகளைப் பார்த்தாள். அந்தச் சின்ன உடம்பு, தன் கையையும் காலையும் விட்டுக்கொடுத்து, இதயத்தைக் காத்துக்கொண்டு படுத்திருந்தது. தாய் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அது தனியாக இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"இதெல்லாம் உடம்புக்கு யாரு டாக்டர் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. பிறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டு வருது. ஆனா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. அதுக்குள்ள நம்ம போய்ச் சேந்துக்கணும்."

நகத்தை அமுக்கி விட்டால் இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும் என்று தீப்தி சொன்னதை ஹஃபீஸா பிடித்துக்கொண்டாள். அன்று பகல் முழுவதும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மகளின் நகத்தை அமுக்கி எண்ணினாள். ஐந்து நாலானது. நாலு மூன்றானது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்ட நேரத்தில் இரண்டுக்கு வந்தது. கை சூடேறிவிட்டது. அப்படியும் அவள் அமுக்குவதை நிறுத்தவில்லை. "அம்மா, நகம் வலிக்குது, விடு" என்று ஃபாயிஸா கையை உருவிக்கொண்டாள். அந்த உருவலில் இருந்த பலத்தைப் பார்த்து ஹஃபீஸா வார்டு என்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருகிற எந்தக் கையையும், வளையல் போடுகிற சாக்கில், ஒரு தரம் அமுக்கி விட்டுப் பார்த்துக்கொள்வாள். "நீ வளையல் விக்கிறியா, வைத்தியம் பாக்குறியா?" என்று சேக் இஸ்மாயில் கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் தன் கையையும் நீட்டுவார்.

போன சித்திரையில் ஆனையூரில் ஒரு வளைகாப்பு. பெண்ணின் பெயர் பவதாரிணி. தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை ஹஃபீஸா போய்க் கையைப் பிடித்தபோது அப்படியொரு ரோசமான கை. கொதித்தது, புசுபுசுவென்று இருந்தது, பச்சை நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து விரலை நோக்கி ஓடியது.

"ரெண்டு எட்டு. அதுவும் இறுக்கமாத்தேன் இருக்கும்" என்றாள் ஹஃபீஸா.

"அம்புட்டுக் குண்டாவாக்கா இருக்கு என் கை?" என்று பவதாரிணி சிரித்தாள். அவளுடைய மாமியார் சோலையம்மாளும் சிரித்தாள். சோலையம்மாள் வாய் பெரிசு, மனசும் பெரிசு, நேரம் காலம் சகுனம் எல்லாவற்றிலும் கறார். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். அலங்காரம் செய்த நாற்காலியில் பவதாரிணி பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஆரத்தி எடுக்கிறவரை அவள் அந்த இடத்தைவிட்டு எழக்கூடாது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு வளையலை எடுத்து அவள் விரல் நுனியில் தொட்டுக் கொடுப்பார்கள். உள்ளே ஏற்றிவிடுவது ஹஃபீஸாவின் வேலை. அந்த நேரத்தில் வளையல் உடைந்தால் ஆகாது என்பார்கள். உடைந்தால் பழியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமல்லவா, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவள் கையில் இதுவரை உடைந்ததில்லை என்பதால் பழிக்கும் வேலை வரவில்லை.

வலது கைக்குப் பதினொரு வளையல். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, விரலை மடக்கி, கெஞ்சி ஏற்ற வேண்டியிருந்தது. அது முடிந்ததும் போட்டோக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்க வைத்து அரைமணி நேரத்தை விழுங்கினார். பிறகு இடது கை. முதல் வளையலை விரல் நுனியில் வைத்தாள் ஹஃபீஸா. எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் வளையல் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

வேர்வை என்று நினைத்தாள். சித்திரை வெயில், தகரப் பந்தல், பட்டுச் சேலை, வேர்க்காமல் என்ன செய்யும். இரண்டாவது வளையலும் அப்படியே போனது. மூன்றாவதைப் போடும்போதுதான் அவள் விரல்கள் சொன்னது அவள் புத்திக்கு ஏறியது. கை வேர்த்திருந்தது, ஆனால் சூடு இல்லை. ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மூன்று கிளையாக ஓடிய பச்சை நரம்பைக் காணவில்லை. முதல் வளையல் வழுக்கியபோதே நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு போட்ட இரண்டு வளையல் நேரத்துக்காக ஹஃபீஸா இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

நகத்தில் பாலிஷ். உள்ளங்கை நடுவில் மருதாணி. பெருவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே அமுக்கி விட்டாள். வெள்ளையாக ஒரு வட்டம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"கண்ணு, என்னடா செய்யுது உனக்கு?"

பவதாரிணி சிரிக்கப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லக்கா. காலையில இருந்து இடுப்பு வலி. இப்ப வயிறு கல்லு மாதிரி இருக்கு. தாகமா இருக்கு. எல்லாரும் காத்திருக்காக, ஆரத்தி முடியட்டும்."

நாடியில் விரல் வைத்தாள். அது நூலாக இருந்தது, ஓட்டமாக ஓடியது. நூறு பேர் கூடியிருக்கிற நல்ல காரியம். அவளோ வளையல் போட வந்தவள், சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் ஆனையூர்ப் பக்கம் இனி எந்த வீடும் அவளைப் படியேற்றாது. ஆனால் அவள் பிடித்திருந்தது ஃபாயிஸாவின் கை. இம்முறை வெந்நீர் வைக்க அவள் தயாராக இல்லை.

"சோலையம்மாக்கா, விசேசத்தை நிப்பாட்டுங்க. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

சோலையம்மாள் தாம்பாளத்தோடு திரும்பினாள். "என்ன பாயம்மா, நல்ல நேரத்துல இப்பிடி வாய் வைக்கிறீக? பிள்ளத்தாச்சின்னா கிறக்கம் வரத்தேன் செய்யும். இம்புட்டுக் கூட்டத்துக் கண்ணும் அவ மேலதானே இருக்கு. சுத்திப் போட்டு ஒரு சோடாக் குடுத்தாச் சரியாப் போகும்."

"சோடா வேணாம்க்கா. ஒரு சொட்டுத் தண்ணி கூட வேணாம். இந்தக் கையில ரத்தம் இல்ல. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இருந்துச்சு, அரமணி நேரத்துக்கு முந்தி இருந்துச்சு, இப்ப இல்ல."

பவதாரிணியின் அம்மா பதறிப்போய்ச் சேலையைப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "ஒண்ணும் படலையே" என்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அதில் பாயம்மாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை இருந்தது.

ஹஃபீஸா வாதாடவில்லை. சோலையம்மாளின் கையை எட்டிப் பிடித்து இழுத்து, மருமகள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்க கண்ணால பாருங்க" என்று சொல்லி, மாமியாரின் பெருவிரலுக்குக் கீழே அமுக்கி விட்டாள். வெள்ளை வட்டம் விழுந்தது. "ஒண்ணு" என்று எண்ணி முடிப்பதற்குள் மறைந்தது. பிறகு மருமகளின் கையில் அமுக்கினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." சத்தமாகவே எண்ணினாள். வட்டம் அப்படியே நின்றது.

சோலையம்மாள் அந்த வட்டத்தையே பார்த்தாள். அவள் சகுனம் பார்க்கிறவள்தான். ஆனால் கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கத் தெரியாதவள் அல்ல. தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"முத்துப்பாண்டி, போனைப் போடுறா" என்று மகனைக் கூப்பிட்டாள்.

முத்துப்பாண்டி போனைக் காதில் வைத்துக்கொண்டே, காரில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று மனைவியைத் தூக்க வந்தான். "உக்கார வைக்காதீக தம்பி. உக்கார வச்சா இருக்கிற கொஞ்ச ரத்தமும் காலுக்கு எறங்கிரும், தலைக்கு ஏறாது" என்று ஹஃபீஸா குறுக்கே கையை நீட்டினாள். போனில் பேசிய பெண்ணும் அதையேதான் சொன்னாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போர்த்திவிடுங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள், வண்டி கிளம்பிவிட்டது. ஜமுக்காளத்தில் பவதாரிணியைப் படுக்க வைத்து, காலுக்குக் கீழே தலையணை கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் போர்வை கேட்டபோது எவளோ ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். சோலையம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே போய்க் கம்பளி கொண்டுவந்தாள்.

பன்னிரண்டு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த டெக்னீசியன் பெயர் மலைச்சாமி. பிரஷர் பார்த்தவர், "மேல எழுபது" என்றார். கீழே எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மூக்குக்கு ஆக்சிஜன் வைத்தார். இடது கையில் கிடந்த மூன்று வளையலை மேலே ஒதுக்கிவிட்டு நரம்பு தேடினார், தட்டினார், இரண்டு முறை குத்தினார், கிடைக்கவில்லை. வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முன்கை பாதிவரை கண்ணாடி வளையல்.

"இதைக் கழட்டணும். இல்லாட்டி உடைக்கணும்."

பவதாரிணியின் அம்மா வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டாள். வளைகாப்பில் போட்ட வளையல் பிள்ளை பிறக்கிறவரை கையில் கிடக்க வேண்டும். ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நான் போட்டது. நானே எடுக்கிறேன்" என்றாள் ஹஃபீஸா.

ஒன்றொன்றாக எண்ணெய் விட்டுக் கெஞ்சி ஏற்றிய வளையல்கள். எடுப்பதென்றால் கால்மணி நேரமாவது ஆகும், உடைத்துவிடுவதே மேல் என்று நினைத்துக்கொண்டுதான் கையைக் குவித்துப் பிடித்தாள். லேசாக இழுத்தாள். பதினொன்றும் ஒரே இழுப்பில் அவள் கைக்கு வந்துவிட்டன. ஒன்றுகூட விரல் முட்டியில் தட்டவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் எந்தக் கையும் அவளிடம் இப்படித் தோற்றதில்லை. உடம்பு அந்தக் கையைக் கைவிட்டு எங்கோ உள்ளே போய், தாயின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் ஹஃபீஸாவுக்குப் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று தோன்றியது. தொழுகையில் நெற்றி தரையில் படும்போது வருகிற மாதிரி ஒன்று.

முழங்கை மடிப்பில் மலைச்சாமிக்கு நரம்பு கிடைத்தது. சலைன் பையை மாட்டிவிட்டு ஹஃபீஸாவைப் பார்த்தார். "நீங்க வண்டியில ஏறுங்க. இந்தப் பையைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே வரணும். சொட்டுச் சொட்டா எறங்குனாப் பத்தாது, வேகமாப் போகணும். கை வலிச்சாலும் விடாதீக."

அமுக்குவதைத் தவிர வாழ்க்கையில் அவள் என்ன செய்திருக்கிறாள்? ஆனையூரிலிருந்து பெரியாஸ்பத்திரிவரை அந்தப் பையை அவள் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே போனாள். எதிரே முத்துப்பாண்டி மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலைச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தியேட்டரையும் ரத்தத்தையும் தயாராக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பவதாரிணி ஒரு தரம் கண்ணைத் திறந்து, "ஆரத்தி முடிஞ்சிருச்சா?" என்றாள். பிறகு வேறு எதையோ முணுமுணுத்தாள். வாய்ப்பாடு மாதிரி இருந்தது. இரண்டாவது பை பாதி காலியானபோது, "அக்கா, குளிருது" என்றாள் தெளிவாக. மலைச்சாமி தலையை ஆட்டினார். "குளிருதுன்னு தெரியிற அளவுக்கு மூளைக்குப் போயிருக்கு. அமுக்குங்க."

தியேட்டர் கதவு மூடியதும் ஹஃபீஸா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, விரிய மறுத்தன. மடியில் கைக்குட்டையில் முடிந்த பதினொரு வளையல். கொஞ்ச நேரத்தில் சோலையம்மாள் வந்தாள். கையில் காய்ந்த சந்தனம் அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஹஃபீஸாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்துக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, முகமெல்லாம் கோபம். பெட்டியோடு வந்த டாக்டரை ஹஃபீஸா நிமிர்ந்து பார்த்தாள். தீப்தி. முன்நெற்றியில் இரண்டு நரை ஏறியிருந்தது. அவள் இவளை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"நகத்தை அமுக்கி அமுக்கிப் பிள்ளையை அழ விட்டீங்களே, அந்த அம்மாவா?"

ஹஃபீஸா தலையை ஆட்டினாள்.

"பிள்ளை பிழைச்சுக்கிருவா. தாய்க்கு இன்னும் ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கு, ஆனா ஓட்டம் பிடிச்சிருச்சு." தீப்தி சோலையம்மாளைப் பார்த்தும் சொன்னாள். "நஞ்சுக்கொடி முன்னாடியே கர்ப்பப்பையை விட்டு விலகிருச்சு. அதுக்குப் பின்னாலயே, உள்ளுக்குள்ள, ரத்தம் தேங்கியிருக்கு. ஒன்றரை லிட்டருக்கு மேல. வெளிய ஒரு சொட்டு வரல. அப்படியும் அந்த உடம்பு இதயத்தையும் மூளையையும் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. போட்டோவுக்குச் சிரிக்க வச்சிருக்கு. இன்னும் அரைமணி நேரம் உக்காந்திருந்தா நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

சோலையம்மாள் கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, "சோடா வாங்கச் சொன்னேனே" என்றாள். அதை அவள் ஹஃபீஸாவிடம் சொல்லவில்லை, பேத்தியிடம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் ஹஃபீஸாவுக்குப் போன் வந்தது. சோலையம்மாள்தான். "பாயம்மா, அந்தப் பதினொரு வளையலும் ஒங்ககிட்டதானே இருக்கு? மருமக வலது கை மூளியாக் கெடக்கு, எனக்குப் பாக்கப் பொறுக்கல. நீங்களே வந்து போட்டு விடுங்க."

ஹஃபீஸா கைக்குட்டையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். வார்டில் பவதாரிணி படுத்திருந்தாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. ஏறிய ரத்தமும் சலைனும் சேர்ந்து கை கால் எல்லாம் ஊதியிருந்தன. ஹஃபீஸா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கை சூடாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது புறங்கையில், மூன்று கிளையாக, பச்சை நரம்பு ஓடிக்கொண்டிருந்தது.

வளையலை எடுத்து விரலில் வைத்தாள். முட்டியில் போய் நின்றது. எண்ணெய் விட்டாள். நகரவில்லை. பையிலிருந்து பாலிதீன் உறையை எடுத்து மாட்டிப் பார்த்தாள். வளையல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"ஆ, வலிக்குதுக்கா, விடுங்க" என்று பவதாரிணி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

ஹஃபீஸா வளையலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. "என்ன பாயம்மா, வெள்ளிக்கிழமை நீங்க பிடிச்சுப் பாத்துச் சொன்ன அளவுதானே?" என்று சோலையம்மாள் ஒன்றும் புரியாமல் கேட்டாள்.

"அளவு தப்பிப் போச்சுக்கா" என்றாள் ஹஃபீஸா. "இந்தக் கைக்கு ரெண்டு எட்டுப் பத்தாது. கடைக்குப் போயி ரெண்டு பத்து எடுத்துக்கிட்டு வாரேன்."